பிள்ளை பெற்றவள் ஏன் அழுகிறாள்?

கேள்வி இதுதான். தங்கைக்கு 26 வயது. தலைப்பிரசவம், சிசேரியன், பெண் குழந்தை. ஏழு வாரம் ஆகிறது, தாய் வீட்டில் இருக்கிறாள். குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. பால் கொடுத்துக்கொண்டே அழுகிறாள். "இந்தப் புள்ளைக்கு நான் லாயக்கில்ல" என்று நாலைந்து முறை சொல்லிவிட்டாள். அம்மா "நாங்கல்லாம் பெத்துக்கலையா" என்கிறார். மாமியார் வந்து பார்த்தது ஒரே ஒரு முறை. இது வியாதியா, வீட்டு மனிதர்கள் கொடுக்கும் நெருக்கடியா, டாக்டரிடம் போவதா, வீட்டிலேயே பேசித் தீர்ப்பதா என்று அவளுடைய அக்கா கேட்கிறார்.

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். இதே கேள்வியை வெவ்வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. தங்கையை இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டிலும் பேசுங்கள். ஒன்றைச் செய்தால் இன்னொன்று தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு இருப்பது சிகிச்சை உள்ள ஒரு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நோய் பிடிப்பதற்கும் விடாமல் நீடிப்பதற்கும் வீட்டில் நடப்பவையும் பெரிய காரணம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை.

பிரசவத்துக்குப் பிறகு வரும் அழுகை எல்லாம் ஒன்றல்ல. குழந்தை பிறந்த மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்குக் கண் கலங்கும், எரிச்சல் வரும், ஒரு நிமிடம் சிரித்து மறு நிமிடம் விம்முவார்கள். கர்ப்பகாலம் முழுக்க உயர்ந்திருந்த ஹார்மோன்கள் சில நாட்களில் சடாரென்று இறங்குவதும் தூக்கம் கெடுவதும் இதற்குக் காரணம். ஓய்வும் ஆதரவும் கிடைத்தால் பத்துப் பதினைந்து நாளில் தானாக அடங்கிவிடும். மருந்து வேண்டாம்.

உங்கள் தங்கைக்கு ஏழு வாரம் ஆகிவிட்டது. இரண்டு வாரத்தைத் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, எதிலும் ஒட்டுதல் இல்லை, தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, தான் தகுதியில்லாதவள் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அதைப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று சந்தேகிக்க வேண்டும். உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர். இது அபூர்வமான ஒன்று இல்லை. இந்தியாவில் 20,000-க்கும் மேற்பட்ட தாய்மாரை உள்ளடக்கிய 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2017-ல் வந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு இந்தச் சோர்வு இருப்பதாக அது சொன்னது. பிரசவ வார்டில் பத்துக் கட்டில் இருந்தால் இரண்டு கட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இரண்டு பேரும் வெளியே சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதில்தான் உங்கள் கேள்வியின் பாதி இருக்கிறது.

நம் ஊரிலேயே நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில், வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதத்தில் ஒருமுறையும் குழந்தை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் மறுமுறையும் பார்த்துப் பேசினார்கள். 2002-ல் அந்த ஆய்வு வெளியானது. நூற்றில் 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. எப்படிப்பட்டவர்களுக்கு அதிகம் வந்தது என்று அவர்கள் பட்டியலிட்டதைப் படித்தபோது, தினமும் எங்கள் அறையில் கேட்கும் பேச்சையே யாரோ எழுதி வைத்தது போல் இருந்தது. வருமானம் குறைவு. பையனை எதிர்பார்த்து பெண் பிறந்தது. மாமியாரோடு உறவு சரியில்லை. சொந்த அப்பா அம்மாவோடு உறவு சரியில்லை. கர்ப்பமாக இருந்தபோது நேர்ந்த துயரம். கைவேலைக்கு உதவ ஆளில்லாதது.

இதில் மாமியாரை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அப்பா அம்மாவை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய் வீட்டில். வளைகாப்பு முடித்து அழைத்து வந்தால் குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகும்வரை அங்கேதான். பெண்ணுக்கு இளைப்பாற இதைவிட நல்ல இடம் இல்லை என்றே நாம் நினைக்கிறோம். பல பெண்களுக்கு அது உண்மைதான். வெந்நீர் வைத்து முதுகு நீவிக் குளிப்பாட்டிவிட ஆள் இருக்கும், பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் நேரத்துக்கு வரும், பிரசவ மருந்து இடித்துக் கொடுப்பார்கள், குழந்தையைப் பாட்டி வாங்கிக்கொள்வாள். பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் வேலை வாங்கக் கூடாது என்று விதி வைத்த முன்னோரை நான் மதிக்கிறேன். அந்த விதியின் உள்ளே இருப்பது அக்கறை.

ஆனால் அதே வீட்டில் அவளுக்குச் சாவி எதுவும் கையில் இல்லை. எப்போது சாப்பிடுவது, எதைச் சாப்பிடக் கூடாது, எத்தனை தடவை தண்ணீர் குடிப்பது, யார் வந்து பார்ப்பது, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதா வேண்டாமா, எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். கதவு சாத்திய அறை. செல்போன் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பார்கள். கணவன் சனி, ஞாயிறு வந்து போகிறவன். கல்யாணத்துக்கு முன்பே அம்மாவோடு தீராத மனத்தாங்கல் இருந்த பெண்ணாக இருந்தால், அந்த நாற்பது நாள் பழைய புண்ணின் மேலேயே படுத்திருப்பது மாதிரி. அதோடு சிசேரியன் தையல் வலி, பிரசவச் செலவும் பேர் வைக்கும் செலவும் அப்பாவின் தலையில் விழுகிறதே என்ற குற்ற உணர்வு, தொட்டிலுக்கும் செயினுக்கும் அம்மா யாரிடமோ கடன் கேட்டுப் பேசுவது காதில் விழுவது. அம்மா கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. தாய் வீட்டில்தானே இருக்கிறாள், அவளுக்கு என்ன குறை என்று கேட்டால், இத்தனையும் கண்ணில் படாமல் போய்விடும் என்கிறேன்.

அடுத்தது, பெண் குழந்தை. உங்கள் கேள்வியில் இதை ஒரு வார்த்தையாகச் சொல்லி நகர்ந்துவிட்டீர்கள். தங்கையால் அப்படி நகர முடிந்திருக்காது. "மகாலட்சுமி பொறந்திருக்கா" என்று வந்தவர்களெல்லாம் சொல்லியிருப்பார்கள். அந்த வாக்கியம் என்ன குரலில் வந்தது என்பதைப் பெற்றவள் கவனித்திருப்பாள். பையன் பிறந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படித் தேற்றுவதில்லை. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் செய்து, அதே 2002-ல் வெளியான ஆய்விலும் குழந்தை பெண் என்பது தாயின் மனச்சோர்வோடு சேர்ந்து வந்தது, ஏற்கெனவே ஒரு பெண் இருந்தால் இன்னும் அதிகமாக. அங்கே பிரசவமாகி ஆறு முதல் எட்டு வாரத்தில் நூற்றுக்கு 23 பேர் சோர்வில் இருந்தார்கள்.

பெண் பிறந்தால் தாய்தான் பொறுப்பு என்ற நினைப்பு தமிழ்நாட்டில் என்ன செய்தது என்பது பழைய கதை இல்லை. பிறந்த பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசே தொடங்க வேண்டியிருந்தது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடை செய்ய 1994-ல் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் பெற்றவர்கள்தான் இன்றைய மாமியார்கள், அம்மாக்கள். அவர்களும் அதே பேச்சைக் கேட்டு, அதே மூலையில் அழுதவர்கள். குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு. இதைத் தங்கையிடம் சொல்வதைவிட அவள் கணவனைக் கொண்டு அவனுடைய அம்மாவிடம் சொல்ல வைப்பது நல்லது.

அப்புறம் பால். ஒரு பிள்ளை பெற்றவளை உடைக்க ஒரு வாக்கியம் போதும் என்றால் அது "பால் பத்தல போல" என்பதுதான். குழந்தை எதற்கு அழுதாலும் அவளுடைய மார்பைப் பார்க்கிறார்கள். பசிக்கும் அழும், ஈரத்துக்கும் அழும், சும்மாவும் அழும். தினமும் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போய், எடை கூடிக்கொண்டு வந்தால் பால் போதுகிறது என்றே அர்த்தம். கிராம சுகாதார செவிலியரிடம் எடை பார்க்கச் சொல்லி அட்டையில் எழுதி வாங்கிவிட்டால், அந்த ஒரு எண்ணைக் காட்டி பத்து வாயை அடக்கலாம். தாய்ப்பால் நல்லது என்று சுவரெல்லாம் எழுதி வைத்த நாம், பால் வராமல் தவிக்கிறவள் அந்தச் சுவரைப் பார்த்து என்ன நினைப்பாள் என்று யோசிக்கவில்லை. புட்டிப்பால் சேர்த்துக் கொடுக்க வேண்டி வந்தாலும் அவள் தாய்தான். இதை அவள் காதுபடச் சொல்லுங்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை.

நம் பெண்கள் மனச்சோர்வை மனச்சோர்வு என்று சொல்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தலைவலி, முதுகுவலி, கை கால் எரிச்சல், நெஞ்சு படபடப்பு, "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு", "வெள்ளைப்படுது". உடம்பில் ஒன்று என்றால் வீடு கேட்கும், மனசில் ஒன்று என்றால் கேட்காது என்று பெண்கள் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டு விடுகிறார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அலைந்து, எல்லாம் நார்மல் என்று வந்ததும் "ஒண்ணுமில்லைனு டாக்டரே சொல்லிட்டார், நடிக்கிறா" என்று முடித்துவிடுவார்கள்.

பரிசோதனை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கெடுவது உண்டு, அது அப்படியே மனச்சோர்வு மாதிரி தெரியும். ரத்தசோகையும் அசதியைக் கூட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், அதாவது நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதனால் முதல் நாளே தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது சரியாக இருந்தால் விஷயம் முடிந்தது என்று மட்டும் திரும்பி வந்துவிடாதீர்கள்.

டாக்டர் என்ன கேட்பார்? பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு, 1987-ல் வந்தது. பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா, காரணமில்லாமல் பயந்தீர்களா என்கிற மாதிரி. பசி, உடல் அசதி பற்றி அதில் கேட்க மாட்டார்கள், பிள்ளை பெற்ற எல்லோருக்கும் அது இருக்கும் என்பதால். அதன் தமிழ் வடிவத்தையும் வேலூரில்தான் சரிபார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்தப் பத்துக் கேள்வியை, பிரசவமாகிற ஒவ்வொரு பெண்ணிடமும் தடுப்பூசிக்கு வரும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். குழந்தையின் எடையைக் கிராம் கணக்கில் எழுதுகிறோம். தாயிடம் நாம் கேட்பது பெரும்பாலும் "பால் குடிக்குதா?" என்பதோடு நின்றுவிடுகிறது.

லேசான சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சையே போதும். நடுத்தரமோ கடுமையோ என்றால் மாத்திரை சேரும். மாத்திரை என்றதும் வீட்டில் இரண்டு பயம் கிளம்பும். ஒன்று, பாலில் கலந்து குழந்தைக்குப் போய்விடும் என்பது. செர்ட்ராலின் போன்ற சில மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. பால் கொடுக்கும் தாய்மாருக்கு உலகெங்கும் அவற்றைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பது மருத்துவர் முடிவு, கடையில் கேட்டு வாங்குவது கூடாது. இரண்டாவது பயம், பழகிவிடும், ஆயுசுக்கும் விட முடியாது என்பது. மனச்சோர்வு மாத்திரை போதை மாத்திரை இல்லை. வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் சாப்பிடச் சொல்லி, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். "முகம் தெளிஞ்சுடுச்சு, போதும்" என்று மூன்றாம் வாரம் வீட்டிலேயே நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்து முன்பைவிட மோசமாக வந்தவர்கள் நிறைய. இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இன்னொரு பயம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. மனநல டாக்டரிடம் போன சீட்டு நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கையில் கிடைத்தால்? "பைத்தியம்" என்று சொல்லி விவாகரத்து கேட்டுவிட்டால்? படித்த குடும்பங்கள் கூட இந்த ஒரு காரணத்துக்காகப் பெண்ணை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக எழுதப்பட்டிருப்பது உண்மை. ஆனால் நோயின் பெயரைச் சொன்னால் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு அது இருக்கிறதா என்று நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் பேசப்பட்டது மனச்சிதைவு, இதைவிடப் பெரிய நோய். சிகிச்சையில் குணமாகிற பிரசவகாலச் சோர்வுக்கு அப்படி ஒரு வழக்கு நிற்கும் என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதையும் உரிமையாக்கியிருக்கிறது.

அதே சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. "ஆஸ்பத்திரியில சேர்த்தா புள்ளைய பிடுங்கிடுவாங்க" என்று நடுங்குகிற பெண்ணிடம் இதைச் சொன்னால் முகமே மாறும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் தாயையும் குழந்தையையும் சேர்த்தே அனுமதிக்கும் தனிப் பிரிவு நடக்கிறது. நம் மாவட்டத்துக்கு ஒன்றாவது அப்படி வர வேண்டும்.

உங்கள் தங்கைக்கு மருத்துவமனையில் தங்க வேண்டிய நிலை என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் ஆபத்து அறிகுறிகளைச் சொல்லியே ஆக வேண்டும். இல்லாத குரல் கேட்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது, இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லாமல் பேசிக்கொண்டே இருப்பது, ஆள் அடையாளம் குழம்புவது. ஊரில் ஜன்னி என்பார்கள், காற்று கறுப்பு என்பார்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற கடுமையான மனநோய் அது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை, அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மறுநாள் போங்கள். காய்ச்சலால் வரும் குழப்பமாக இருந்தாலும் அதுவும் அவசரம்தான்.

தங்கையிடம் ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு எப்பவாவது தோணுதா? குழந்தைய ஏதாவது செஞ்சுடுவோமோன்னு பயமா இருக்கா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், அப்படி நடப்பதில்லை. கேட்டதற்காகவே நன்றி சொல்லி அழுத பெண்கள் உண்டு. குழந்தையைக் கீழே போட்டுவிடுவோமோ என்ற பயங்கரக் காட்சிகள் சோர்விலும் பதற்றத்திலும் பல தாய்மாருக்குத் தாமாக வரும். அதைக் கண்டு அவளே நடுங்குகிறாள் என்றால் செய்யப்போகிறாள் என்று பொருளில்லை, உதவி வேண்டும் என்று பொருள். தோன்றுகிறது என்று பதில் வந்தால், திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியாக விடாதீர்கள், அன்றே கூட்டிப் போங்கள். நடுராத்திரி என்றால் 14416-க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை, கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள். வீட்டில் அடி உதை என்றால் 181.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. எல்லாவற்றுக்கும் முன்னால் தூக்கம். இரவில் ஐந்து மணி நேரம் இடையில் எழாமல் அவள் தூங்க வழி செய்யுங்கள். பாலைப் பீய்ச்சி வைத்தோ, டாக்டர் சொன்னபடி வேறு பால் கொடுத்தோ, ஒரு தடவையை நீங்களோ அம்மாவோ கணவனோ பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஓரிரண்டு நாளாவது அவன் இரவு முறை எடுக்கட்டும். குழந்தையைத் தூக்கத் தெரியாது என்று சொல்கிற ஆண் யாருக்கும் ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். பிறகு கதவைத் திறந்துவிடுங்கள். காலை வெயிலில் கால் மணி நேரம் நடக்கட்டும், அவளுடைய தோழி ஒருத்தி வந்து பேசட்டும், போனை அவள் கையில் கொடுங்கள்.

அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் கடினம். "நீதான் காரணம்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நான் கண்ட வழி, அவருடைய பிரசவத்தைப் பற்றிக் கேட்பது. "என்னைப் பெத்தப்ப உனக்கு யார் பக்கத்துல இருந்தாங்க? ராத்திரி என்ன செஞ்ச?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். "நாங்கல்லாம் பெத்துக்கலையா" என்று சொல்கிற அம்மாக்களில் எத்தனையோ பேர், கேட்க ஆள் கிடைத்ததும், கிணற்றடியில் உட்கார்ந்து அழுததைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு அம்மா, 61 வயது, "எனக்கும் இதுதான் இருந்திருக்கு, பேருதான் தெரியல" என்றார். அன்றிலிருந்து அவர் மகளைத் தினமும் அவரேதான் மாத்திரை சாப்பிட வைத்தார்.

வீட்டுப் பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டால் சிகிச்சை பலிக்கிறது என்பது என் அனுபவம் மட்டும் இல்லை. பாகிஸ்தானின் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவர் ஒரு முறையைச் சோதித்தார். கிராமத்துப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, சோர்வில் இருந்த தாய்மாரை வீடு தேடிப் போய்ப் பேச வைத்தார். வீட்டாரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள், குழந்தையின் நலனை எல்லோருக்கும் பொதுவான பேச்சாக வைத்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, பயிற்சி பெற்றவர் போன வீடுகளில் நூற்றுக்கு 23 பேரும், மற்ற வீடுகளில் 53 பேரும் சோர்வில் இருந்தார்கள். பின்னர் உலக சுகாதார நிறுவனமே அதைக் கையேடாக வெளியிட்டது. நம்மிடம் கிராமம்தோறும் சுகாதார செவிலியர்கள் இருக்கிறார்கள், வீடு தேடிப் போகும் பழக்கமும் இருக்கிறது. அவர்களுக்குச் சுமையைக் குறைத்து இந்தப் பயிற்சியைக் கொடுத்தால் போதும், இங்கேயும் முடியும்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவிடும் நாளைப் பற்றி இப்போதே யோசியுங்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து அனுப்புவீர்கள். குளிப்பாட்டிவிடவும் சமைத்துப் போடவும் ஆள் இருந்த வீட்டிலிருந்து, தானே சமைத்துப் போட வேண்டிய வீட்டுக்கு ஒரே நாளில் போகிறாள். 2019-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள், செய்கிற ஆண்கள் 97 நிமிடம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனி. வேலைக்குத் திரும்புகிறவளாக இருந்தால் அதுவும் சேரும். 2017 திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படி 26 வாரச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு, அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி யார் கேட்டாலும் சம்மதிக்க வேண்டாம். சிகிச்சை நடுவில் இருக்கும்போது நாளைத் தள்ளிப் போடுவதில் தவறில்லை. அனுப்பும் முன் மாப்பிள்ளையை அழைத்து உட்கார வைத்து, இரவு யார் எழுந்திருப்பது, காலைச் சமையல் யார், மாத்திரை எத்தனை நாள், அடுத்த ஓபி எப்போது என்று நிமிடக் கணக்கில் பேசுங்கள். "அடுத்தது எப்போ, பையன் வேணுமே" என்ற பேச்சை அவன்தான் தடுக்க வேண்டும். இதைத் தங்கையின் வேலையாக ஆக்காதீர்கள்.

டாக்டரிடம் என்றால் எங்கே போவது என்று கேட்பீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. மனநலப் பிரிவு என்றதும் அவள் தயங்கினால், பிரசவம் பார்த்த டாக்டரிடமே முதலில் போய்ச் சொல்லலாம், அவர் எழுதிக் கொடுப்பார். தாய்-சேய் நல அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு, இப்போது சாப்பிடும் மருந்துகள், பிரசவ லேகியம் உட்பட, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது முன்பு மனநலச் சிகிச்சை நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், குழந்தையையும் கூடவே தூக்கிப் போங்கள், பால் கொடுக்க வேண்டியிருக்கும். உள்ளே கூப்பிட்டதும் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்காருங்கள். அம்மா எழுந்து பின்னால் போகப் பார்ப்பார், கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுங்கள். அவள் தனியாகப் பேசிவிட்டு வரட்டும்.